நூற்றுக்கு ஐம்பத்தைந்து

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் “மீட்டிங்ல இருக்கேன்க்கா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷம் வாத்தியாராக இருந்தும் கத்தாமல் பாடம் நடத்த அவருக்கு இன்னும் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குடிநீர் வாரியத்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு இந்த மாதப் பில் வந்தது. கண்காணிப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு அதை நீட்டினார். “உங்க தம்பி அங்க கட்டணப் பிரிவுலதானே இருக்கான்? இது என்ன கணக்குன்னு கேளுங்க சிஸ்டர்” என்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். போன மாதத்தைப் போல இரண்டரை மடங்கு. ஒரு குடம்கூட அதிகம் செலவாகவில்லை. ‘வீடுகளும் பொதுவும்’ என்று இருந்த இடத்தில் ‘பொது நிறுவனங்கள், தனி வகை’ என்று புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்கு எதிரே நாலு மாடித் துணிக்கடை இருக்கிறது அல்லவா? அதன் மேலாளர் தன் பில்லைக் கொண்டுவந்து காட்டினார். ஆயிரம் லிட்டருக்கு அவர்கள் கட்டுவதைவிட நாங்கள் கட்டுவது அதிகம்! அவருக்கே வெட்கமாக இருந்தது, பாவம். “எங்களுக்கும் ஏத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு, நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அத்தானின் பள்ளியில் மதியத்துக்கு மேல் குழாய்களைப் பூட்டுகிறார்கள். தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர் இல்லாமலே பயிற்சி. வெறும் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். “தண்ணி வர்ற மாதிரி நெனச்சுக்கங்கடா!” என்று அவர்கள் அதிகாரி கத்துவது எங்கள் ஜன்னல்வரை கேட்கிறது. முதலில் சிரித்தேன். அப்புறம் பயம் வந்தது.

ஏனென்றால் மருத்துவமனைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கியதற்கு மேல் சல்லிக்காசு வராது. இப்படியே போனால் டயாலிசிஸ் பிரிவில் நாலாவது ஷிஃப்டை நிறுத்த வேண்டியதுதான் என்கிறார் கண்காணிப்பாளர். நாலாவது ஷிஃப்டில் பதினாறு பேர் இருக்கிறார்கள். அதில் நம் ஹாரன் அண்ணனும் ஒருவர். நீ பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகக் கிளம்பும்போதெல்லாம் பேருந்தைத் தெருமுனையில் நிறுத்தி விடாமல் ஹாரன் அடிப்பாரே, அவரேதான். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் என்னிடம் ஊசி குத்திக்கொள்கிறார். “உன் தம்பி பெரிய அதிகாரியாமே, இப்பவாவது நேரத்துக்குக் கிளம்புறானா?” என்று கேட்டார்.

உனக்கு என்ன தெரியும் என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ஹாரன் அண்ணனிடம் சொல், இப்போதும் தாமதம்தான், ஹாரன் அடிக்கத்தான் ஆள் இல்லை.

பில் சரியானதுதான். தவறாக வந்துவிட்டது என்று நினைக்காதே. வாரியம் இந்த வருஷம் கட்டண வகைகளை மாற்றி அமைத்திருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு, நகராட்சி எல்லாம் இதுவரை வீடுகளோடு ஒரே வகையில் இருந்தன. இப்போது தனி. அதற்கான காரணங்கள் கோப்பில் இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் எழுத முடியாது, உனக்கே புரியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஏப்ரலில் உங்கள் ஊரிலேயே முறையீட்டு மன்றத்தின் விசாரணை வைக்கிறார்கள். மூன்று உறுப்பினர்கள் வருவார்கள். உள்ளாட்சி, அரசு நிறுவனங்களிடம் தண்ணீர் கொடுக்க ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று எங்கள் சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு. உங்கள் கண்காணிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம்.

உங்கள் பிரிவுக்கு ஏதாவது விலக்கு வாங்க முடியுமா என்று நான் உள்ளிருந்து பார்க்கிறேன். அதற்கு எனக்கு உண்மையான விவரம் வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு பயன்படுகிறது, எவ்வளவு வெளியே போகிறது, ஏன்? அலுவலகக் கடிதத்தில் பூசி மெழுகி அனுப்புவார்கள். நீ எனக்கு எழுதுவதுபோல எழுது. எதையும் விடாதே.

அத்தானைத் தேன் சாப்பிடச் சொல்.

தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ பார்க்கிறேன் என்று சொன்னதே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. கண்காணிப்பாளரிடம்கூடச் சொன்னேன், “என் தம்பி பார்த்துக்குவான் மேடம்” என்று.

கேட்டதை எழுதுகிறேன். எட்டு இயந்திரங்கள், நாலு ஷிஃப்ட், நாளைக்கு முப்பத்திரண்டு பேர். ஒருவருக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் அவர் ரத்தத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சவ்வுக்கு அந்தப்புறம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அது குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். துளி குளோரின் இருந்தாலும் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். அதனால் பின்னறையில் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருக்கிறோம். நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்பதாயிரத்து அறுநூறு லிட்டர் குடிக்கிறது அது.

இப்போது சொல்லப்போவது உனக்கு மட்டும். நூறு லிட்டர் உள்ளே போனால் நாற்பத்தைந்துதான் நல்ல தண்ணீராக வரும். மீதி ஐம்பத்தைந்து கண்ணெதிரே சாக்கடைக்குப் போகிறது, மனசு கேட்கவில்லை. இது யாருடைய அலட்சியமும் இல்லை, இந்த வகை இயந்திரத்தின் இயல்பே இதுதான், எங்கே போய்ப் பார்த்தாலும் அப்படித்தான். ஆனாலும் அந்தத் தண்ணீர் ஒன்றும் அழுக்கில்லை. உப்பு கூடுதல், அவ்வளவுதான். சலவைக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிடலாம். ஒரு தொட்டியும் நாற்பது அடிக் குழாயும் போதும். நானே படம் வரைந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷமாக அது கண்காணிப்பாளர் மேசையில் தூங்குகிறது. அவரைக் குறை சொல்லவில்லை, தலைக்கு மேல் வேலை அவருக்கு. யாரிடமும் சொல்லிவைக்காதே.

இந்தக் கடிதத்தை இரவுப்பணி சிஸ்டர் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் ஹாரன் அண்ணன் படுத்துக்கொண்டு, “லவ் லெட்டரா சிஸ்டர்?” என்கிறார். “ஆமா, வாரியத்துக்கு” என்றேன்.

விசாரணைக்கு நீயும் வருவாய்தானே? வந்தால் வீட்டில்தான் தங்க வேண்டும். விடுதி அது இது என்றால் எனக்குக் கோபம் வரும்.

அக்கா


ஏப்ரல் 17

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

நகராட்சி அரங்கில் இரண்டாவது வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து உனக்காக இடம் பிடித்திருந்தேன். நீ வாரிய ஆட்களோடு பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்தாய். சரி, அலுவலக முறை, அப்படித்தான் உட்கார வேண்டும்போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் நன்றாகத்தான் பேசினார். எங்களுக்கு வரும் குழாய் ஐம்பது வருஷப் பழசு, அதன் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது, இன்று திடீரென்று எங்களுக்குத் தண்ணீர் கொடுக்க மட்டும் எப்படி இரண்டரை மடங்கு செலவாகும் என்று கேட்டார். உறுப்பினர்களில் நடுவே இருந்தவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்புறம் உங்கள் வக்கீல் எழுந்தார். பொது நிறுவனங்கள் பொறுப்பில்லாமல் தண்ணீரைக் கொட்டுகின்றன, அதனால்தான் வாரியத்துக்குச் செலவு கூடுகிறது என்றார். ஒரு நகலைத் தூக்கிக் காட்டினார். “மீதி ஐம்பத்தைந்து கண்ணெதிரே சாக்கடைக்குப் போகிறது, மனசு கேட்கவில்லை.” நிறுத்தி, சபையைப் பார்த்து, “இது நான் சொல்லலீங்க. அந்தப் பிரிவோட பொறுப்பு சிஸ்டரே கைப்பட எழுதினது” என்றார். பிறகு மேசையில் இரண்டு வருஷமாகத் தூங்குகிற படத்தைப் பற்றி நான் எழுதியதையும் படித்தார்.

என் எழுத்து எனக்கே அந்நியமாகக் கேட்டது. கண்காணிப்பாளர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நகலை எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். தம்பி, மேலே ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று நான் எழுதிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. காகிதத் துண்டை வைத்து மறைத்து நகல் எடுத்தால் அப்படித்தான் வரும். நடுவில் இன்னொரு வெள்ளைப் பட்டை. அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். யாருடைய அலட்சியமும் இல்லை, இயந்திரத்தின் இயல்பே இதுதான் என்று எழுதியிருந்தேன்.

நான் எழுந்து சொல்லப் பார்த்தேன். “அம்மா, உங்க முறை வரும்போது பேசலாம்” என்றார்கள். என் முறை வரவே இல்லை. முறையீடு தள்ளுபடி.

வாசலில் உனக்காக நின்றேன். வண்டி பின்பக்கமாகப் போய்விட்டது என்று காவலாளி சொன்னார். வீட்டில் உனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருந்தேன். அத்தான் உன் சாப்பாட்டையும் என் சாப்பாட்டையும் எடுத்து மூடி வைத்தார்.

ஒரே ஒரு கேள்வி. விவரம் கேட்டு எழுதினாயே, அன்றைக்கே இது உன் மனதில் இருந்ததா?

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு மூன்று நாள் வேலை பார்த்தேன். இன்றுதான் பதில் எழுத உட்கார்கிறேன்.

இல்லை. கேட்டபோது மனதில் அது இல்லை. விலக்கு வாங்கத்தான் கேட்டேன். தலைமைப் பொறியாளரிடம் போய், “சார், டயாலிசிஸ் பிரிவுக்கு மட்டும் பழைய கட்டணம் போடலாமா?” என்றேன். “எவ்வளவு செலவு பண்றாங்க, எவ்வளவு வீணாகுது?” என்றார். எண்ணைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இதை எழுத்துல வாங்கினீங்களா?” என்றார். அங்கேயே பொய் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு உன்னைப் போல் சட்டென்று பேச வராது.

உன் பெயர் வரக் கூடாது என்று கெஞ்சினேன். அதற்காகத்தான் மேலே துண்டு வைத்து மறைத்தேன். உன்னைக் காப்பாற்ற. பொறுப்பு சிஸ்டர் என்று வக்கீல் சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது பட்டை எப்படி வந்தது என்றும் தெரியாது. வக்கீல் அலுவலகத்தில் செய்திருப்பார்கள்.

நீயும் கொஞ்சம் யோசி. இந்தப் பாரத்தை யாராவது ஒருவர் சுமக்க வேண்டும். உங்கள்மேல் போடவில்லை என்றால் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பங்கள்மேல் போடுவார்கள். அது நியாயமா?

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்பிக்கையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு மாதமும் நீ எனக்கு என்ன எழுதினாய்? “அம்மா நன்றாக இருக்கிறாள், நீ பதவி உயர்வுத் தேர்வை முடித்துவிட்டு வா.” நான் வந்தபோது கூடத்தில் வெறும் கட்டில்தான் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை கேட்டேனா?

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் கண்டபடி எழுதியிருப்பேன். அதனால் விட்டுவிட்டேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

முதலில் அம்மா. “சின்னவனுக்கு எழுதாதே, ஓடி வந்துடுவான், படிப்பு கெட்டுடும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள். சத்தியத்தைக் காப்பாற்றினேன், உன்னைக் கைவிட்டேன். அது தப்பு என்று அவளைக் கொண்டுபோன அன்றே தெரிந்தது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள். ஆனால் அதை இதற்கு ஈடாக வைக்காதே. நான் மறைத்தேன், அவ்வளவுதான். நீ என் கையெழுத்தை எடுத்துக்கொண்டு போய் என் நோயாளிகளுக்கு எதிராக வைத்தாய்.

எனக்கு மெமோ வந்தது. ‘நிர்வாக விவரங்களை வெளியாருக்குத் தெரிவித்தமை.’ இப்போது நான் டயாலிசிஸ் பிரிவில் இல்லை. துணிக் கிடங்கில் படுக்கை விரிப்புகளை எண்ணுகிறேன். பதினெட்டு வருஷம் ஊசி பிடித்த கை.

நாலாவது ஷிஃப்ட் மே முதல் தேதியோடு நின்றது. பதினாறு பேரையும் தலைநகர் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் இயந்திரம். வாரத்துக்கு மூன்று முறை. ஹாரன் அண்ணன் முதல் நாலு வாரம் போனார். “வாழ்க்கை பூரா ஓட்டினேன், இப்ப உக்காந்து போக முடியல சிஸ்டர்” என்று கிடங்கு வாசலில் வந்து சிரித்துவிட்டுப் போனார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. “ஒரு தடவையும் விடாதீங்க அண்ணே” என்றேன். ஐந்தாவது வாரம் இரண்டு முறை விட்டுவிட்டார். மூச்சுத் திணறலோடு இங்கே கொண்டுவந்தார்கள். அவசரமாக முதல் ஷிஃப்டில் இடம் பிடித்து இயந்திரத்தில் போடுவதற்குள் முடிந்துவிட்டது. ஜூன் ஆறாம் தேதி. விரிப்பு கேட்டு ஆள் வந்தபோதுதான் யாருக்கென்று எனக்குத் தெரிந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

உன்னால்தான் என்று நான் எழுதவில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்பது, இதயமும் பலவீனம். உனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று எழுதினேன். இந்த முறை நான் மறைக்கவில்லை.

ஒற்றை அறைக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருந்தாய். ஹாரன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே அறைதான்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

இரண்டாவது பட்டையையும் நான்தான் வைத்தேன்.

இதை முதல் வரியில் எழுதாவிட்டால் கடைசிவரை எழுத மாட்டேன். நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தலைமைப் பொறியாளர் நின்றுகொண்டிருந்தார். “இந்த வரி இருந்தா நமக்குப் பிரயோஜனமில்லையே” என்றார். மறைத்துவிடு என்று என்னிடம் சொல்லவில்லை. கையில் ஏற்கெனவே ஒரு துண்டு இருந்தது. இன்னொன்று கிழித்தேன். இரண்டு நொடி வேலை. அரங்கில் உன் கைப்பை வைத்த நாற்காலியைப் பார்த்தேன். அதனால்தான் பின்பக்கமாகப் போனேன்.

ஒற்றை அறைக் குடும்பங்கள் என்று எழுதியதும் பொய். வீடுகள்மேல் இந்தப் பாரம் வரவே வராது, ஏனென்றால் இது வீடுகளுக்கான செலவே இல்லை. புதிய தொழிற்பேட்டைக்கு முப்பது மைலுக்குக் குழாய் போட்டிருக்கிறோம். தொழிற்சாலைகளை இழுக்க அவர்களுக்குச் சலுகைக் கட்டணம் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். போட்ட செலவை எங்கேயாவது எடுக்க வேண்டும். “ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எங்க ஓடிடப் போகுது? ஓட்டுப் போடாது, கடையடைப்பு பண்ணாது” என்றார் தலைமைப் பொறியாளர். அந்தக் குழாயின் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கு ‘பொது நிறுவனங்கள்’ தலையில். உங்கள் ஊரில் ஒரு குழாய்கூட அதிலிருந்து பிரியவில்லை. பங்கு பிரித்த அட்டவணையைப் போட்டது நான். நீ பில்லைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தேன் என்று எழுதியபோதே எனக்குத் தெரியும், அது என் அட்டவணை.

தொண்ணூறு நாளுக்குள் புதிய ஆதாரம் கொடுத்தால் மறுவிசாரணை கேட்கலாம். இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. அட்டவணையின் அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்காணிப்பாளரிடம் கொடு. யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லாதே. எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

ஹாரன் அண்ணன் செய்தியைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உறையில் பார்.

அத்தான், “கொடுத்துடு, அவன் உன்னைப் பத்தி யோசிச்சானா?” என்றார். ஒரு ராத்திரி முழுக்க அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்தால் என் பழைய வேலைகூடத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் கையெழுத்து இல்லாத காகிதம் அது. எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நான் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டையும் செய்ய மாட்டேன். உன் கடிதத்தையும் யாரிடமும் காட்டவில்லை. அத்தானுக்கு மட்டும் படித்துக் காட்டினேன், அதுவும் பட்டை எதுவும் வைக்காமல்.

மறுவிசாரணைக்குக் கண்காணிப்பாளர் மனுப் போடத் தயார். புதிய சாட்சி ஒருவர் இருக்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனு கொடுக்கக் கடைசி நாள் ஜூலை எட்டு.

வருவதென்றால் நீயே வந்து, உன் வாயால், உன் பெயரைச் சொல்லிச் சொல். வரவில்லை என்றாலும் நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். அந்த விஷயத்தில் நீ நிம்மதியாக இருக்கலாம். உன் பதினோரு வருஷமும் உன்னிடமே இருக்கும்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

மறுவிசாரணை அன்று நீ அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் பேசிய அரைமணி நேரமும் தலை நிமிரவில்லை. அழுதாயா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து தேடினேன். கிடங்குக்குத் திரும்ப வேண்டும் என்று போய்விட்டதாக அத்தான் சொன்னார். அவர் என்னிடம் அவ்வளவுதான் பேசினார்.

என் அட்டவணையையும், உன் கடிதத்தின் முழுப் பக்கத்தையும் பட்டை இல்லாமல் நானே மன்றத்தில் கொடுத்தேன். மறைத்தது யார் என்று நடுவிலிருந்தவர் கேட்டார். “நான்தான் சார்” என்றேன். “யாருக்கு எழுதின கடிதம் இது?” என்றார். “எனக்குத்தான் சார். எங்க அக்கா” என்றேன்.

மறுநாள் காலையிலேயே பணி இடைநீக்க உத்தரவு என் மேசைக்கு வந்தது. தலைமைப் பொறியாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் லிஃப்டில் என்னைப் பார்த்தால் அடுத்த லிஃப்டுக்கு நிற்கிறார்கள். வாரியக் குடியிருப்பை மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் அனுதாபத்துக்காக எழுதவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

என்மேல் நடக்கும் துறை விசாரணை முடியும்வரை அங்கே வந்து இருக்கட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது.

தம்பி


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

தீர்ப்பு நேற்று வந்தது. ‘பொது நிறுவனங்கள், தனி வகை’ செல்லாது என்று எழுதிவிட்டார்கள். தண்ணீர் யாருக்குப் போகிறதோ அந்தக் குழாயின் செலவைத்தான் அவர்களிடம் கேட்கலாமாம். அதிகமாக வாங்கியதை இனி வரும் பில்களில் கழிக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் இன்று காலை தண்ணீரோடு பயிற்சி நடந்தது. தெருவெல்லாம் நனைந்துவிட்டது. துணிக்கடை மேலாளர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

நாலாவது ஷிஃப்ட் செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறது. பதினாறு பேரில் பதினோரு பேர் திரும்பி வருகிறார்கள். நாலு பேர் தலைநகரிலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் துணிக் கிடங்குதான். “கொஞ்ச நாள் போகட்டும் சிஸ்டர்” என்கிறார் கண்காணிப்பாளர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எதிரே வந்தால் மேசையில் இருக்கும் காகிதங்களைக் கவிழ்த்து வைக்கிறார், வேண்டுமென்று அல்ல, கை தானாகப் போகிறது. எனக்குப் புரிகிறது. எப்படிப் புரிகிறது என்று உனக்குத் தெரியும்.

நீ வந்து சொன்னது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்குத் தலை நிமிராமல் இருந்தது கோபத்தால் அல்ல. “எங்க அக்கா” என்று நீ சொன்ன குரல் பத்து வயதுக் குரலாக இருந்தது. நிமிர்ந்திருந்தால் எழுந்து உன்னிடம் வந்திருப்பேன். வருவதற்கு எனக்கு மனசு இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தது, அதனால் குனிந்துகொண்டேன்.

வா. மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். அத்தானின் விடைத்தாள் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. எத்தனை மாதம் என்று யாரும் கேட்க மாட்டோம். அத்தான் முதல் வாரம் முறைப்பார், அப்புறம் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உன்னிடம்தான் வந்து நிற்பார்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நேரில் சொல்ல வராது. நீ வந்து தங்கும்போதெல்லாம், வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், “இன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னக்கா நடந்துச்சு?” என்று கேட்பது உன் வழக்கம். இனியும் கேட்பாய். “ஒண்ணுமில்லடா, எல்லாம் வழக்கம் போலத்தான்” என்பேன்.

அதற்கு மேல் கேட்காதே.

அக்கா